வங்கி பார்க்க வந்த குசினி

ஹேர்னிங் என்ற டெனிஸ் நகரிலிருந்து மேற்கே கடலுக்குப் போகும் பாதையில், ஒரு வளவின் வாசலில், கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற மட்டையோடு அந்தக் காம்பர் வான் நின்றது. 1987ஆம் வருடத்து ஃபியட். சாரதியின் தலைக்கு மேல் நெற்றி பிதுங்கியிருந்தது. இடுப்பைச் சுற்றி மண்ணிறக் கோடு ஒன்று ஓடியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியவன், நானே அறியாமல் காரை ஓரங்கட்டினேன்.

விற்பவர் பௌல் என்ற முதியவர். முழங்கால் இனி ஒத்துழைக்காது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு மேசை, இரண்டு பேருக்கு ஒரு படுக்கை, இரண்டு வாய் காஸ் அடுப்பு, புத்தக அலுமாரி அளவில் ஒரு குளிர்ப்பெட்டி. மேசையில் போய் இருந்தேன். இருபது நிமிடம் அப்படியே இருந்திருப்பேன். பௌல் வெளியே நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. யூலண்ட் என்ற இந்தப் பகுதி மனிதர்களோடு எனக்கு ஒத்துப்போகும் விஷயம் இதுதான். பேசாமல் இருப்பதை அவர்கள் ஒரு வேலையாகவே செய்வார்கள்.

"அறுபத்தைந்தாயிரம்" என்றார் கடைசியில். "இரண்டு கிழமை வைத்திருப்பேன். பிறகு ஒரு ஜெர்மன்காரர் வருகிறார்."

என்னிடம் பதினைந்தாயிரம் குரோனர் இருந்தது.

அது 2009 செப்டெம்பர். ஊரில் யுத்தம் முடிந்து நான்கு மாதம். ஜனவரியிலிருந்து மே வரை எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓயவில்லை, தொலைபேசி ஓயவில்லை, ஆட்கள் வருவதும் போவதும் ஓயவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் எல்லாம் நின்றது. மகள் துவாரகா ஒடென்சேக்குப் படிக்கப் போய்விட்டாள். மிஞ்சியது நானும் மனைவி தவமலரும். அமைதி எனக்குப் பிடித்த சாமான்தான். ஒரு புத்தகத்தோடு மூலையில் விட்டால் நாள் முழுக்க எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படாது. ஆனால் அந்த நான்கு மாதத்து அமைதி தவமலருடையது, அதற்குள் எனக்கு இடம் இருக்கவில்லை. ஓகஸ்டில் ஒரு நாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "எங்கையாவது போவமே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நான் மட்டும் அதை ஒரு மாதமாக மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் சரிவராது. முன்பு ஒரு முறை ஒரு ஜெர்மன் ஹோட்டலுக்குப் போனபோது சூட்கேசுக்குள் சோறு அவிக்கும் குக்கரைக் கொண்டுவந்து, அறையில் மீன் குழம்பு கொதிக்கவிட்டு, தீ அலாரம் அடித்து, இருபது ஜெர்மன்காரரைப் படுக்கை உடுப்போடு வாசலுக்கு இறக்கியவள் அவள். அவளை எங்கேயாவது கூட்டிப்போவதென்றால் அடுப்பையும் சேர்த்துத்தான் கூட்டிப்போகவேண்டும். பௌலின் வளவில் நின்றது அப்படி ஒரு சாமான்.

மறுநாள் வங்கிக்குப் போனேன்.

எங்கள் கணக்கைப் பார்க்கும் பெண்ணின் பெயர் கிர்ஸ்டன். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி எப்போதும் கழுத்தில் தொங்கும், ஏதாவது பிடிக்காவிட்டால் மட்டும் மூக்குக்கு ஏறும். இருபத்திரண்டு வருடப் பழைய வண்டி என்றதும் ஏறியது.

"இந்த வயது வாகனத்தை வங்கி பிணையாக எடுக்காது, சிவானந்தன். போன வருடம் மாதிரி இல்லை இப்போது, எல்லாம் இறுக்கம்." கணினியைத் தட்டினார். பிறகு கண்ணாடி இறங்கியது. "ஆனால் வீடு இருக்கிறதே! 2007இல் புதிய குசினி, ஒரு லட்சத்து இருபதாயிரம். அதற்குப் பிறகு வீட்டின் பெறுமதியை நாங்கள் திருத்தவே இல்லை. குசினியால் கூடியிருக்கும். எப்படி இருக்கிறது குசினி?"

நான் அவர் மேசையிலிருந்த பேனையை நேராக்கி வைத்தேன்.

அந்தக் குசினியை, அந்தச் சமையலறையைப் பற்றிச் சொல்லவேண்டும். 2007இல் யுத்தம் நடக்கும் ஊருக்கு அனுப்பப் பணம் தேவைப்பட்டது. எல்லா வீட்டுக்கும் தேவைப்பட்டது. வங்கிக் கடதாசியில் 'நோக்கம்' என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் யுத்தத்தை எழுத முடியாது. அப்போது வழிகாட்டியவன் றொபேட். யன்னல் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவன், ஞாயிற்றுக்கிழமையில் சபையில் கிற்றார் வாசிப்பவன். அவன் உண்மையிலேயே குசினி கட்டக் கடன் கேட்டு, பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"குசினி எண்டு எழுதுங்கோ அண்ணை" என்றான். "கூரை எண்டால் ஆள் அனுப்பிப் பாப்பினம். பாத்றூம் எண்டால் ஏன் உடைஞ்சது எண்டு கேப்பினம். குசினி எண்டால் டெனிஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடுப்பினம்."

எழுதினேன், கிடைத்தது. கோயிலுக்குப் போகிறவர்கள், சபைக்குப் போகிறவர்கள் என்ற பேதம் இல்லாமல் எல்லாரும் குசினி என்றுதான் எழுதினார்கள்.

"தெரியுமா," என்று கிர்ஸ்டன் கதிரையில் சாய்ந்தார். "இந்த ஊரில் தமிழருக்கு மட்டும் பதினான்கு குசினிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். ஹேர்னிங்கிலேயே மிக நவீனமான குசினிகள் தமிழர் வீட்டில்தான் என்று என் கணவரிடம் சொல்வேன். ஒருவராவது என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டதில்லை."

நான் பேசாமல் இருந்தேன். என் மௌனத்தை டெனிஸ்காரர்கள் எப்போதும் நிதானம் என்று எடுத்துக்கொள்வார்கள். இருபது வருடத்தில் அது எனக்குப் பல நன்மைகள் செய்திருக்கிறது.

"மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார். "போதும். காம்பர் வான் உங்களுடையது."

வீட்டுக்கு வந்தபோது தவமலர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பற்றிச் சொன்னேன். கை நின்றது. ஆனால் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"லோன் தருவினமாமே?"

"தருவினம். குசினியின்ரை படம் வேணுமாம்."

"எந்தக் குசினி?"

"2007இலை நாங்கள் கட்டின குசினி."

அவள் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். வீடு கட்டிய 1976இல் பூட்டிய மண்ணிற அலுமாரிக் கதவுகள். ஒன்று மூடாது, அதற்கு றப்பர் வளையம். அடுப்புக்கு மேல் சுவரில் பதினைந்து வருடத்து மஞ்சள் கறை.

"நல்லாத்தான் கட்டியிருக்கிறியள்" என்றாள்.

மே மாதத்துக்குப் பிறகு அவள் என்னைச் சீண்டியது அன்றுதான். அந்த வண்டியை எப்படியும் வாங்கிவிடுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

றொபேட்டிடம் போனேன். அவனுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

"என்ரை குசினியைப் படமெடுத்து அனுப்புங்கோ அண்ணை. வெள்ளைக் கதவு, கறுப்புக் கல்லு. பாத்தவை மயங்கிப்போவினம்."

எடுத்தேன். யன்னலில் சிவப்புச் சேவல்கள் போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது. றொபேட்டின் மனைவி கிறேஸ் தானே தைத்தது. நல்ல வெளிச்சம், நல்ல படங்கள். அனுப்பிவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் வேலையிடத்தில் தொலைபேசி அடித்தது.

"அழகான குசினி, சிவானந்தன்" என்றார் கிர்ஸ்டன். "ஒரே ஒரு கேள்வி. அந்தச் சேவல் திரைச்சீலை எனக்கு இது நான்காவது. அது உங்கள் கலாசாரமா?"

நீண்ட நேரம் யோசித்தேன். "ஆம்" என்றேன்.

"அப்படியா. நான்கு வீட்டிலும் இடது பக்கத்துச் சேவல் மடிப்புக்குள் போய் ஒற்றைக் காலில் நிற்கிறது. அதுவும் கலாசாரமா?"

இந்த முறை என் மௌனத்தை அவர் நிதானம் என்று எடுத்ததாகத் தெரியவில்லை.

"புதன்கிழமை நான்கு மணிக்கு உங்கள் தெருவால்தான் வீட்டுக்குப் போகிறேன்" என்றார். "கோப்பி குடிக்க வருகிறேன்."

றொபேட்டைத் தொழிற்சாலைக் கழிவறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை பேருக்கடா உன்ரை குசினியைக் குடுத்தனி?"

"மூண்டே மூண்டு பேர் அண்ணை. கேட்டால் எப்பிடி இல்லையெண்டிறது?"

"ஒற்றைக் கால் சேவலை நிமித்தி விட்டிருக்கலாம் தானே?"

"அதை ஆர் அண்ணை பாப்பினம் எண்டு நினைச்சது?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கண் மின்னியது. அந்த மின்னலைக் கண்டவுடனேயே நான் வெளியே போயிருக்கவேண்டும்.

"கதவு தானே அண்ணை குசினி. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஆர் பாக்கிறது? கிறேஸ் புதன் மூண்டரை வரை வேலை, பிறகு கடைக்குப் போட்டு அஞ்சுக்குத்தான் வருவா. நான் காலமை என்ரை கதவுகளைக் கழட்டிக்கொண்டு வாறன். நாலரைக்குத் திருப்பிப் பூட்டிப்போடலாம்."

புதன்கிழமை இருவரும் விடுப்பு எடுத்தோம். பதினொரு மணிக்கு அவன் பத்து வெள்ளைக் கதவுகளோடும் சேவல்களோடும் வந்தான். தவமலர் குசினி வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் கதவுகளைக் கழற்றினோம். அவனுடையதைத் தூக்கி வைத்தோம். எங்கள் அலுமாரிகள் ஐம்பது சென்ரிமீற்றர், அவனுடைய கதவுகள் அறுபது.

"ஒரு கதவுக்குப் பத்துத்தானே அண்ணை கூட" என்றான் றொபேட்.

"பத்துக் கதவுக்கு எவ்வளவு கூட?" என்று தவமலர் கேட்டாள். "ரெண்டு கதவு வெளியாலை தோட்டத்துக்குள்ளை நிக்கும். அதுக்கும் லோன் தருவினமோ?"

மூன்று மணியாகியும் நான்கு கதவுகள் மட்டுமே, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பிணைச்சலில் பாதித் திருகாணியோடு தொங்கின. திறந்தால் விழும். ஆகவே திறப்பதில்லை என்று முடிவெடுத்தோம். சேவல்களை யன்னலில் மாட்டினோம். றொபேட் பின்னுக்குப் போய் நின்று பார்த்தான். "தூரத்திலை நிண்டு பாத்தா வடிவா இருக்கு" என்றான்.

மூன்றே முக்காலுக்கு வாசலில் ஒரு கார் அலறி நின்றது. கிறேஸ், முதியோர் இல்லத்து வெள்ளைச் சீருடையோடு, காலணி கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"என்ரை கதவு எங்கை?"

"கிறேஸ், கொஞ்சம் பொறு, அண்ணைக்கு ஒரு சின்ன உதவி..."

"வீட்டுக்குள்ளை வந்தால் குசினி பல்லுக் கழட்டின வாய் மாதிரி நிக்குது! கள்ளன் வந்திட்டான் எண்டு நான் பொலிசுக்கு அடிக்கப் போனனான். இவர் கதவுகளை ஏத்திக்கொண்டு இஞ்சை வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னவ. கதவைக் களவெடுக்கிற கள்ளன் உலகத்திலை என்னட்டைத்தான் இருக்கிறான்!"

அவள் முதல் கதவைத் தொட்டாள், அதுவாகவே கையில் வந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். றொபேட் இன்னும் சிலவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். கிறேஸ் இரண்டாவது முறை, கழுத்தில் சேவல் திரைச்சீலையும் இரு கையிலும் கதவுகளுமாகப் படியிறங்கியபோது, கிர்ஸ்டன் சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஆ" என்றார் கிர்ஸ்டன். "சேவல்."

"இது என்னுடையது!" என்று கிறேஸ் டெனிஸில் சொன்னாள். "கதவும் என்னுடையது! புருஷனும் என்னுடையவன், வேண்டுமென்றால் அவனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்!"

கார் போய்விட்டது. நான் வாசலில் நின்றேன். வாழ்நாளில் எத்தனையோ தடவை பேசாமல் நின்றிருக்கிறேன், அவற்றில் பலவற்றுக்குக் காரணம் இருந்தது. அன்று சொல்வதற்கு உண்மையாகவே என்னிடம் ஒன்றும் இல்லை. பௌலின் வளவில் ஜெர்மன்காரர் வந்து வண்டியில் ஏறுவதை மனதுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தவமலர் என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"உள்ளே வாருங்கள்" என்றாள் டெனிஸில். அவளுடைய டெனிஸ் தையல் தொழிற்சாலையில் படித்தது. சொற்கள் எல்லாம் இருக்கும், ஒழுங்கில் நிற்காது. கிர்ஸ்டனைக் குசினி மேசையில் இருத்தி, பால் விட்ட தேநீரும் காலையில் சுட்ட வடையும் வைத்தாள். கதவில்லாத அலுமாரிகளுக்குள் எங்கள் மாப் பைகளும் மிளகாய்த்தூள் போத்தல்களும் வெட்கமில்லாமல் நின்றன.

"இதுதான் குசினி" என்றாள். "1976. புதிது ஒன்றும் இல்லை."

கிர்ஸ்டன் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றினார். "ஒரு லட்சத்து இருபதாயிரம்?"

"பாதி என் தங்கச்சிக்கு. மற்றப் பாதி, வந்து கேட்டவர்களுக்கு. அங்கே யுத்தம். உங்கள் கடதாசியில் அதற்குக் கோடு இல்லை. குசினிக்குத்தான் கோடு இருந்தது." கொஞ்சம் நிறுத்தினாள். "தங்கச்சி இப்போது முகாமில், கம்பிக்குள். பிள்ளைகளும். உயிரோடு இருக்கிறார்கள்."

இவ்வளவையும் என்னிடம்கூட அவள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. கிர்ஸ்டன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்ப்பெட்டி உறுமி நின்றது. இப்படிப்பட்ட நேரங்கள் எனக்குப் பழக்கம், இருந்தும் அன்று என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"வடை ஆறப்போகிறது" என்றேன்.

கிர்ஸ்டன் வடையை எடுத்தார். "பதினான்கும் இப்படித்தானா?"

"இல்லை. ஒன்று உண்மை" என்றாள் தவமலர். "அது இப்போதுதான் காரில் ஏறிப் போகிறது."

கிர்ஸ்டனுக்குப் புரைக்கேறியது. அவர் இருமுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தவமலர் எழுந்துபோய் முதுகில் தட்டினாள். பிறகு அவளும் சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய.

கண்ணைத் துடைத்துவிட்டுக் கிர்ஸ்டன் சொன்னது சுருக்கமானது. வீட்டின் பெறுமதியை அவரால் கூட்ட முடியாது. கண்டதைக் காணவில்லை என்று எழுதவும் முடியாது. பழைய கடனின் நோக்கத்தைத் திருத்தி 'குடும்பம்' என்று எழுதுவார், மேலிடம் கேட்டால் அவரே பதில் சொல்வார்.

"ஆனால் இந்தப் பதினான்கு பேரும் ஒரு மாதமாவது கட்டத் தவறியதில்லை" என்றார். "உண்மையாகக் குசினி கட்டிய டெனிஸ்காரர்கள் தவறியிருக்கிறார்கள். ஐம்பதாயிரம், பிணை இல்லாமல், வட்டி கொஞ்சம் கூட, நான்கு வருடம். ஒரு நிபந்தனை. இந்தத் தடவை சாமானை நான் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்."

வெள்ளிக்கிழமை பௌலின் வளவில் தொட்டுப் பார்த்தார். சுவர்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் போய், பின்மூலையில் ஈரம் ஊறிய இடத்தைக் கண்டுபிடித்து, நாலாயிரம் குறைத்தார். பௌல் அந்த மூலையை ஒரு நிமிடம் பார்த்தார். "ம்" என்றார். அதுதான் பேரம்.

இடையில் புதன்கிழமை பின்னேரம் நடந்ததையும் சொல்லவேண்டும். என்ன நடந்தது என்று அறிய றொபேட் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தவமலர் தொலைபேசியைப் பறித்தாள்.

"தம்பி றொபேட்டோ? ஓம், வந்தவ. என்னத்தைச் சொல்லுறது தம்பி. அளவு நாடா கொண்டு வந்து அளந்தவ. படமும் எடுத்தவ. ஓமோம், லிஸ்ட் இருக்காம். ஒவ்வொரு வீடா வருவாவாம், கிறிஸ்மசுக்கு முதல் முடிக்கோணுமாம். உங்களுக்கென்ன பயம், உங்கடை குசினி இருக்குத்தானே. மற்றதுகளைத்தான் நினைக்கப் பாவமாக்கிடக்கு."

வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறியள்? அறுபது சென்ரிமீற்றர் கதவு கொண்டு வந்தவருக்கு ஒரு வேலை வேணும்தானே."

றொபேட் சொல்லவேண்டிய எல்லாரிடமும் சொன்னான். ஒக்டோபர் விடுமுறைக் கிழமையில் நாங்கள் மேற்குக் கடற்கரைக்குப் புறப்பட்டபோது, தமிழர் குடியிருக்கும் தெருக்களில் வாசலுக்கு வாசல் பாத்திரம் கழுவும் பழைய சிங்கும் உடைத்த பலகையும் குவிந்துகிடந்தன. பதினான்கு பேரில் ஒருவரான சபாரத்தினம் அண்ணை வாயில் திருகாணியோடு கை காட்டினார்.

கடலோரத்து வாகனத் தரிப்பிடத்தில் காற்று வண்டியை ஆட்டியது. தவமலர் இரண்டு வாய் அடுப்பில் ஒன்றில் சோறும் ஒன்றில் மீன் குழம்புமாக நின்றாள். கூரை யன்னலைத் திறந்து வைத்திருந்ததால் அலாரம் அடிக்கவில்லை. நான் மேசையில் புத்தகத்தோடு இருந்தேன், வாசிக்கவில்லை. அவள் தங்கச்சியின் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவனுக்கு என்ன வயது, அவனுக்கு என்ன சப்பாத்து அளவு இருக்கும், முகாமிலிருந்து விட்டவுடன் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். பாதிக் கேள்வி என்னிடம், பாதி குழம்பிடம்.

தொலைபேசி அடித்தது. அன்றைக்கு மூன்றாவது தடவை. சபாரத்தினம் அண்ணை.

"இல்லை அண்ணை" என்றாள் தவமலர், அகப்பையை ஆட்டிக்கொண்டு. "சிங் மட்டும் மாத்தினாக் காணாது. மேல் அலுமாரியும் பாப்பா. அடுப்போ? அடுப்பையும் மாத்துங்கோ, ஏன் வில்லங்கம். வைக்கிறன் அண்ணை, குழம்பு கொதிக்குது."

எனக்கு மனம் கேட்கவில்லை. "உண்மையைச் சொல்லிப்போடு தவம். பாவங்கள்."

"ஆர் பாவங்கள்? பெண்டுகளுக்கு நான் அடுத்த நாளே சொல்லிப்போட்டன். கிறேசுக்கும் தெரியும். ஆம்பிளையளுக்குத்தான் தெரியாது." உப்புப் பார்த்தாள். "பக்கத்துத் தெருப் பவளராணி அக்கா பதினெட்டு வருஷமா ஒரு மேல் அலுமாரி கேட்டவ. மூண்டு கிழமையிலை வந்திட்டுது. புருசன் நல்ல மனுசன், ராவு பகலா நிண்டு பூட்டுறாராம்."

நான் கடலைப் பார்த்தேன். பதினான்கு வீடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தபோது, மனம் ஒரு வீட்டில் வந்து நின்றது.

"அப்ப எங்கடை குசினி?" என்றேன்.

"கிர்ஸ்டனோடை கதைச்சிட்டன். 2007இன்ரை லோன் வாற வருஷம் முடியுது. முடிஞ்ச கையோடை புதுசு."

"நோக்கம் எண்ட இடத்திலை என்ன எழுதுவாவாம்?"

"குசினி எண்டுதான்." கோப்பையில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். "ஆனா உங்கடை சொல்லை நம்பமாட்டாவாம். கதவு பூட்டுற அண்டைக்குத் தானே வந்து நிக்கிறாவாம்."